பதினைந்தாம் கடையின் பாரம்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பதினான்காம் நம்பர் சூப் கடையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை எதிர்க்கடை ஜூஸ் பெண் சொன்னாள். மகள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கட்டளை போட்டிருக்கிறாராமே. ஏழு மாதம் தாண்டிவிட்டது, இனி எல்லாம் நல்லபடியாக முடியும். மாத்திரை வாங்கும்போது மட்டும் டாக்டர் எழுதிய பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்பார்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நம் உணவுக்கூடத்தில் நின்று பேசினால் பதினெட்டுக் கடைக்கும் கேட்கும். வெளியே போய்ப் பேசினால், எதற்கு வெளியே போகிறான் என்று பின்னாலேயே வருவார்கள். மெசேஜ் அனுப்பினால் அது யார் யார் கண்ணில் பட்டுத் திரும்புமோ தெரியாது. ஒட்டிய உறை அப்படியில்லை. பிரித்தால் பிரித்தது தெரிந்துவிடும்.

விஷயம் உங்கள் பாரத்தைப் பற்றியது. கிளம்புகிற அன்று காலையில் கையெழுத்துப் போட்டு, "தம்பி, இதை ஆபீஸ்ல குடுத்துடு, மறந்துடாத" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்த வாடகை உதவிப் பாரம். அதை நான் இன்னும் கொடுக்கவில்லை. மறக்கவில்லை. கொடுக்கவில்லை. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

பஸ் நிலையத்தை இடம் மாற்றியதிலிருந்து நாம் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இது அரசாங்கத்துக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா? ஒன்றரை வருஷமாகக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டோம், ஒரு ஓடு மாறவில்லை. இப்போது திடீரென்று ஒரு வருஷத்துக்குப் பாதி வாடகையை நாங்கள் கட்டுகிறோம் என்று வந்து நிற்கிறார்கள். என்ன திடீர்ப் பாசம்? நீங்கள் கிளம்பிய பிறகு, போன வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஒவ்வொரு கடையையும் போட்டோ எடுத்தார். ஒருவர் டேப் பிடித்து அளந்தார். உதவி செய்கிறவனுக்கு நம் கடையின் அகலம் எதற்கு? மூன்றாவது ஆள் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கையில் குடை. அவர் எதுவுமே கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நடந்தார். கேள்வி கேட்காத அதிகாரியைத்தான் நான் நம்பமாட்டேன்.

ஜூஸ் பெண் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள். கேக் கடை அண்ணனும் போட்டார். "அண்ணே, குடுக்கறத வாங்கிக்காம என்ன ஆராய்ச்சி" என்று அவள் என்னைக் கிண்டல் செய்தாள். கூடத்தில் எனக்குத் துப்பறிவாளன் என்பதைச் சுருக்கித் துப்பு என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பாரத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஆறு பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: விண்ணப்பதாரர் கடையைத் தாமே நேரில் நடத்துபவராக இருத்தல் வேண்டும், முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யப்படும். அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? நீங்கள் மகள் வீட்டில் இருக்கிறீர்கள். ஷட்டர் இறங்கியிருக்கிறது. இந்த நேரத்தில் பாரத்தைக் கொண்டுபோய் நீட்டினால், என் கடையில் ஆள் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இடம் பிடிக்கத்தான் இந்த உதவியோ என்று எனக்குப் படுகிறது.

பாரம் என் கடையில், உப்பு டப்பாவுக்குக் கீழே பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் உண்டு. என்ன செய்யட்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் நான் செய்ததே சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

மகளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். யாரோ சொல்லக் கேட்டது. உண்மையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நலனில் அக்கறையுள்ள,
சூப் கடைத் தம்பி

*

அக்காவுக்கு வணக்கம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை. மகளுக்கு ஏதும் தொந்தரவா, இல்லை என் கடிதம் வந்து சேரவில்லையா? தபால்காரரை நிறுத்திக் கேட்டேன். "போட்டா போய்ச் சேரும் சார்" என்றார். அது பதிலா?

இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஜூஸ் பெண்ணுக்கும் கேக் அண்ணனுக்கும் பத்தே நாளில் உதவி வந்துவிட்டது. பாதி வாடகை கட்டியாயிற்று என்று ஆளுக்கு ஒரு தாள். கேக் அண்ணன் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் கேக்குகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார். முத்திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிஜ முத்திரைதான். இன்னும் ஐந்து கடைக்கு வந்தது. அவர்களையெல்லாம் யோசித்துச் செய்யுங்கள் என்று தடுத்தவன் நான். யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்காக இல்லை. நீங்கள் அங்கே மகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள், இங்கே பூட்டிக்கிடக்கும் கடைக்கு முழு வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்கு வந்த உதவியை நான் உப்பு டப்பாவுக்குக் கீழே அமுக்கி வைத்திருக்கிறேன். கடைசி நாளன்று ஆபீஸ் சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர் பார்க்கக்கூட இல்லை, சீல் அடித்துத் தட்டில் போட்டார்.

கொடுத்த நிமிஷத்திலிருந்து அந்த மூன்றாம் பக்க வரி என் கழுத்தைப் பிடித்தது. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். ஷட்டர் மூடியிருந்தால் முடிந்தது. அதனால், அக்கா, நான் உங்கள் கடையைத் திறந்துவிட்டேன்.

பிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் கொடுத்த சாவிதான். காலையில் என் கடையைத் திறந்து சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, உங்கள் ஷட்டரைத் தூக்குவேன். விளக்கு, அடுப்பு, ரொட்டிக் கல் எல்லாம் தயார். ஆணியில் தொங்கும் உங்கள் ஏப்ரனை, நீங்கள் இப்போதுதான் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போன மாதிரி நாற்காலியில் போட்டு வைப்பேன். கடை திறந்திருந்தால் ஆட்கள் வரத்தானே செய்வார்கள்? வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? முட்டை ரொட்டி போட ஆரம்பித்தேன். பழைய பஸ் டிரைவர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "அக்கா கை இல்லையே இது" என்றார். உளவு பார்க்க வந்தவரோ என்று அன்று முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை அந்தக் குடைக்கார மேடம் வந்தார். நான் உங்கள் கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"பதினஞ்சாம் நம்பர் ஓனர் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"பாத்ரூம் போயிருக்காங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"சரி, வரட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு முட்டை ரொட்டி வேறு கேட்டார். அவசரத்தில் முட்டை ஓடு உள்ளே விழுந்துவிட்டது. பொறுக்கி எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டார். பக்கத்தில் என் சூப் பொங்கி அடுப்பில் வழிகிறது, நான் அங்கே ஓடுகிறேன், இங்கே ரொட்டி கருகுகிறது, இங்கே ஓடி வருகிறேன். எதிரில் ஜூஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். முக்கால் மணி நேரம், அக்கா. அந்த மேடம் பொறுமையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரமா வரலையே, உடம்புக்கு முடியலையா? நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று நிஜமான கவலையோடு எழுந்தார்.

"இல்லைங்க, அப்படியே மார்க்கெட் போயிருப்பாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் இரண்டு கரண்டிகளைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த ஏப்ரனைத் தொட்டுப் பார்த்தார். அதில் இத்தனை நாள் தூசி. நோட்டில் நீளமாக எழுதிக்கொண்டு, சாப்பிட்டதற்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் உங்கள் கல்லில் நிற்கிற நேரமாகப் பார்த்து அவர் வந்தது எப்படி? யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேக் அண்ணன் மேல்தான் எனக்குச் சந்தேகம். போன வாரம் அந்த மேடம் தெருவில் போனபோது அவர் கையை ஆட்டினார். நான் பார்த்தேன்.

என்ன வருகிறது என்று தெரிந்ததும் எழுதுகிறேன். நீங்கள் கவலைப்படாமல் மகளைக் கவனியுங்கள் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் கவலைப்படும்படிதான் செய்து வைத்திருக்கிறேன்.

தலை குனிந்து,
சூப் கடைத் தம்பி

*

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். மகள் எப்படி இருக்கிறாள்?

உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். உள்வாடகைக்கு விடப்பட்டதாகத் தெரிவதால் உதவி மனு நிறுத்தி வைக்கப்படுகிறது, உரிமம் குறித்தும் விசாரணை நடக்கும் என்று எழுதியிருந்தது. எது நடந்துவிடுமோ என்று பயந்து இவ்வளவும் செய்தேனோ, அதை என் கையாலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரணைக்கு நான்தான் போனேன். மூன்றாவது மாடி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை, அந்தக் குடைக்கார மேடம். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே காகிதம் உதவாமல் போய்விட்டது.

"பதினாலும் பதினஞ்சும் பக்கத்துப் பக்கத்துக் கடை. நடுச்சுவர எடுத்துட்டா ஒரே பெரிய கடையாயிடும், இல்லையா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாரத்தை மூன்று வாரம் கையில் வைத்திருந்தது யார்? நான். சாவி யாரிடம்? என்னிடம். அவங்க இல்லாதப்ப அவங்க கல்லில் வியாபாரம் செய்தது யார்? அவங்க எங்கே என்று கேட்டால் பொய் சொன்னது யார்? எல்லாம் நான். வெளியிலிருந்து பார்த்தால் இதை விடச் சுத்தமான வழக்கு இல்லை, அக்கா. அந்த மேஜையின் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தால் என்னை நானே பிடித்து உள்ளே போட்டிருப்பேன்.

கூடத்திலும் அந்தப் பேச்சுத்தான் ஓடுகிறதாம். இத்தனை வருஷம் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தவன். இப்போது நான் நடந்து போனால் பேச்சு நிற்கிறது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒருவர் மட்டும் எனக்காகப் பேசியிருக்கிறார். யார் என்று நினைக்கிறீர்கள்? கேக் அண்ணன். மேடம் தனியாக விசாரித்தபோது, "அவன் நிழலையே நம்பமாட்டான் மேடம், பைத்தியக்காரன். ஆனா அடுத்தவங்க பொருளைத் தொடமாட்டான்" என்று சொன்னாராம். அன்று தெருவில் கையை ஆட்டியது குடை தவறி விழுந்ததைச் சொல்வதற்காகவாம். திரும்பி வந்து அவர் கடையில் ஒரு கேக் வாங்கித் தின்றேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பழைய கேக்கோ என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன். ஆனாலும் முழுசாகத் தின்றேன்.

கடைசியில் மேடம் என்னிடம் அந்தப் பாரத்தை நீட்டி, ஐந்தாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். நெருங்கிய உறவினரின் மருத்துவத் தேவைக்காகக் கடையை மூடியிருப்பின், அதற்குரிய கடிதமும் மருத்துவர் சான்றும் இணைத்தால் போதுமானது. அவ்வளவுதான், அக்கா. எறும்பு எழுத்தில் கூட இல்லை, எல்லா வரியையும் போலத்தான் இருந்தது.

"ஏன் இதைப் படிக்கல?" என்று கேட்டார்.

"மூணாம் பக்கத்தோட நிறுத்திட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார். நீங்கள் ஒரு கடிதமும் டாக்டர் சான்றும் அனுப்ப வேண்டும். கூடவே இத்துடன் வைத்திருக்கும் சின்னப் பாரத்தையும். நீங்கள் திரும்பும்வரை கடைக்குப் பொறுப்பாக ஒருவரைக் குறிப்பிடுவதற்கு அது. மூன்று கட்டம் இருக்கிறது. பெயர், முகவரி, உறவுமுறை. முதல் இரண்டில் என் விவரத்தை எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. மேடம் பேனாவைக் கொடுத்து, "என்ன உறவு?" என்றார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எது எழுதினாலும் அது நான் எழுதியதாக இருக்கும், இப்போதிருக்கும் நிலைமையில் நான் எழுதியதற்கு என்ன மரியாதை? வேறு யார் பெயரையாவது போட வேண்டும் என்று தோன்றினால் என் பெயரை அடித்துவிடுங்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஜூஸ் பெண் உங்களிடம் போனில் பேசியதாகச் சொன்னாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். சும்மா பேச அரை மணி நேரமா? என்னைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள். நடுச்சுவரைப் பற்றியும் சொல்லியிருப்பாள். நீங்களும் அப்படி நினைத்திருந்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதற்குள் மூன்று முறை நினைத்திருப்பேன்.

உங்கள் கடையைப் பூட்டிவிட்டேன். சாவியை ஜூஸ் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், என்னிடம் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. என் கடையில் பெரிய பிரிட்ஜை எடுத்துவிட்டேன், ரொம்பச் சத்தம் போட்டது. இப்போது இடம் தாராளமாக இருக்கிறது.

பதினைந்து நாளில் இரண்டு போய்விட்டது. தயவுசெய்து அனுப்புங்கள், அக்கா. என் முகத்துக்காக வேண்டாம். உங்கள் கடைக்காக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பதினான்காம் நம்பர்

*

தம்பிக்கு அக்காவின் ஆசி.

பேத்தி பிறந்திருக்கிறாள். நாள் வரும் முன்னே வந்துவிட்டாள். பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்து, என் மடியில் படுத்துக்கொண்டு, நான் எழுதும் பேனாவை முறைத்துக்கொண்டிருக்கிறாள். உன் முதல் கடிதம் வந்த அன்றுதான் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாவது கடிதம் பிரிக்காமலே கிடந்தது. பதில் எழுதாததற்கு வேறு காரணம் தேடாதே.

மறைக்காமல் சொல்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டேன். ஜூஸ் பெண் போன் செய்து, நீ என் கடையைத் திறந்து வியாபாரம் செய்கிறாய், ஊரே ஒரு மாதிரி பேசுகிறது என்று சொன்னாள். மருமகன், "அத்தை, அந்த ஆள் ரொம்ப நாளா கண்ணு வெச்சிருப்பார்" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்து அதையே நினைத்தேன். பேத்தி பிழைப்பாளா என்று நினைக்கப் பயமாக இருந்தது. உன் மேல் கோபப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் இரண்டாவது கடிதத்தைப் பிரித்தேன். முட்டை ஓட்டைப் பொறுக்கிப் போட்டாய் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆபரேஷன் தையல் பிரியும், சிரிக்க வைக்காதே என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள். கடையைப் பிடிக்க நினைக்கிறவன் ரொட்டியாவது ஒழுங்காகப் போடக் கற்றுக்கொண்டிருப்பான்.

கடிதமும் டாக்டர் சான்றும் இத்துடன் இருக்கின்றன. அந்த மேடத்தோடு போனிலும் பேசிவிட்டேன். தாள் கைக்கு வந்ததும் நோட்டீஸை எடுத்துவிடுவார்களாம், அடுத்த மாதத்திலிருந்து பாதி வாடகை கிடைக்குமாம். நல்ல மனுஷி. அந்த முட்டை ரொட்டியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.

சின்னப் பாரத்தில் உன் பெயரை அடிக்கவில்லை. உறவுமுறைக் கட்டத்தை நிரப்ப மருமகன் உட்கார்ந்தார். தம்பி என்று போட்டால் தகப்பன் பெயர் ஒன்றா என்று கேட்பார்கள் என்றார். நண்பர் என்று போட்டால் அது உறவு இல்லை என்றார். பேனாவை வாங்கி நானே எழுதினேன். பக்கத்துக் கடை என்று எழுதியிருக்கிறேன். அது எப்படி உறவாகும் என்றார் அவர். பதினோரு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்தால் தெரியும் என்றேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்ஜ் சத்தம் போட்டது என்று எழுதியிருக்கிறாய். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைத் தினமும் கேட்டவள் நான். அது சத்தமே போடாது. விற்றுவிட்டாய். மூன்று கடிதத்திலும் எல்லோருடைய பாரத்தைப் பற்றியும் இருக்கிறது, உன்னுடையதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேடத்திடம் கேட்டேன். பதினான்காம் நம்பரிலிருந்து பாரமே வரவில்லை என்றார். எத்தனை மாத வாடகை நிற்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடுபட்டவர்களுக்காக வருகிற பத்தாம் தேதி வரை மறுபடி வாங்குகிறார்களாம். நாளைக்குக் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே போய் ஒரு பாரம் வாங்கு. ஆறு பக்கத்தையும் படி. சந்தேகம் வந்தால் ஜூஸ் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சாவியையும் அவளிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள். ஆனால் என் கல்லைத் தொடாதே.

நான் இரண்டு மாதத்தில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருவேன். நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. நான் வந்து ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்து ஷட்டர் எனக்கு முன்னே திறந்திருக்க வேண்டும்.

அக்கா